வடியாத நீர்

உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். ஆழ்குழாய்க் கிணற்றைக் காட்டும். மாடியிலுள்ள தொட்டியைக் காட்டும். அதே தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். கூடவே நின்று வீட்டைக் கட்டிய பெரியவரே சற்றுத் தடுமாறுவார். வருகின்ற நீரைப் பற்றி நமக்குள்ள கவலை, போகின்ற நீரைப் பற்றி இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரம், அஃதாவது டிஷ்வாஷர் என்று இன்று எல்லாரும் சொல்லும் அந்தப் பெட்டி, நம்மவர் சமையலறைகளுக்குள் நுழைந்த பின்னர் இந்தக் கவலையின்மை மெல்ல வெளிப்படத் தொடங்கியிருக்கிறது. “மெஷினில் தண்ணீர் நிற்கிறது, வெளியே போகவில்லை” என்ற முறையீட்டை நானே மூன்று நான்கு இல்லங்களில் கேட்டுவிட்டேன். இதைப் பற்றி ஒரு மவ்லவி எழுதுவானேன் என்று நேயர்கள் எண்ணக்கூடும். எங்கள் கிதாபுகள் சுத்தத்தைப் பற்றிய பாடத்தில்தான் தொடங்குகின்றன. அப்பாடமோ பல கிதாபுகளில் தண்ணீரின் வகைகளிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே நான் என் பாடத்தைவிட்டு அதிக தூரம் போய்விடவில்லை.

நான் வசிப்பது மணிமங்கலத்தில். முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை 7ஆம் நூற்றாண்டில் வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு குறிப்பிடும் ஊர் இது. பழைய ஊர், பெரிய ஏரி. இன்று வைகறைத் தொழுகை முடிந்து தெருவுக்கு வந்தால், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளின் விளக்கொளிதான் முதலில் கண்ணிற் படுகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் ஒரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி முளைத்தவற்றுக்குக் கணக்கில்லை. ஆண்கள் மட்டுமல்லர், பெண்களும் வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் பதினோராண்டுகள் பாத்திரம் துலக்கிக் கொடுத்த அம்மையார், தொழிலாளர் விடுதி ஒன்றின் சமையற்கட்டில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டார். நல்லதுதான், அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வேலை முழுவதும் என் மனைவியின் கைகளுக்கு வந்தது. சோப்புநீர் பட்டுப் பட்டு அவர் விரலிடுக்குகள் வெடித்து, உப்புத் தொட்டாலே கண் கலங்கும் நிலைக்கு வந்தபோது, ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் மருமகள் தன் சம்பளத்திலிருந்து தவணை கட்டி 2021இல் அந்த இயந்திரத்தை வாங்கி வைத்தாள்.

அதற்கு முந்திய ஆண்டு ஊரடங்கில், வீட்டு வேலைக்கு ஆள் வர இயலாமற் போனபோதுதான் நம் நாட்டில் இந்தக் கருவிக்குக் கிராக்கி பிறந்தது. கருவி என்னவோ பழையது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரன் என்னும் பெண்மணி 1886இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கணவர் கடனை வைத்துவிட்டு 1883இல் இறந்துபோக, கொட்டகையில் ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்து முடித்தார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பாராட்டைப் பெற்றது. பரம்பரைப் பீங்கான் தட்டுகளைப் பணியாட்கள் உடைத்துவிடுகிறார்களே என்ற வருத்தத்தில் தொடங்கிய முயற்சி என்பார்கள். தட்டுக்காக இரங்கிப் பிறந்த பொருள், என் வீட்டுக்குக் கைக்காக இரங்கி வந்தது. அந்தக் காலத்தில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்களே. வீடுகளில் அதற்கு வேண்டிய அளவு வெந்நீர் இல்லை. இந்த இயந்திரம் தனியாக வேலை செய்வதில்லை, தனக்குப் பொருத்தமான ஒரு வீட்டையும் அது கேட்கிறது என்பதற்கு இதுவே முதற் சான்று.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்ததை நம் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை ஓய்ந்த மூன்றாம் நாள் காலையில் என் மனைவி இயந்திரத்தைத் திறந்தபோது, அடித்தட்டில் மஞ்சளும் எண்ணெயும் மிதக்கும் நீர் நாலு விரற்கடை உயரம் நின்றது. மறுநாளும் அப்படியே. வீட்டுக்குள் மூன்று தீர்ப்புகள் உடனே வழங்கப்பட்டன. எண்பதைத் தாண்டிய என் தாயார், “சோற்றுப் பருக்கையை வழிக்காமல் தட்டை உள்ளே போட்டால் அடைக்காமல் என்ன செய்யும்? இராத்திரி சிங்கைக்கூடத் துடைப்பதில்லை, காலையில் பார்த்தால் மஞ்சட் கறை வளையமாய் நிற்கிறது” என்றார். யாரைச் சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரியும். வந்து பார்த்த மெக்கானிக், ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டு, பம்பு போய்விட்டது, மாற்ற ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார். என் மகன், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் தானே எல்லாத் தட்டுகளையும் கையால் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

தாயாரின் இரண்டாவது கேள்வி அதைவிடக் கனமானது. “ஏம்ப்பா, இந்தத் தண்ணியில கிடந்த தட்டு சுத்தம்தானா? சாக்கடைத் தண்ணி ஏறி வந்திருந்தா என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு, எவர்சில்வர் தட்டை விலக்கி வாழையிலை கொண்டுவரச் சொன்னார்.

மார்க்கச் சட்டத்தின் மூலவிதிகளைப் படிக்கும்போது ‘அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்’ என்றொரு முறையை நாங்கள் ஓதுவோம். கூறுபோட்டு ஆராய்தல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது ‘அல்முஸ்தஸ்ஃபா’வில் இதை விளக்கியிருக்கிறார்கள். ஒரு சட்டத்துக்குக் காரணமாக இருக்கக்கூடியவை எவை எவை என்று முதலில் எல்லாவற்றையும் வகுத்துக்கொள்ள வேண்டும்; பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றை நீக்க வேண்டும். மது ஏன் விலக்கப்பட்டது? அது நீர்மம் என்பதாலா? தண்ணீரும் நீர்மமே. திராட்சையிலிருந்து வந்ததாலா? திராட்சை ஆகுமானது. நிறத்தாலா? அந்நிறமுள்ள ஆகுமான பானங்கள் உண்டு. எஞ்சி நிற்பது போதை. இதனுடன் ‘தவரான்’ என்ற இன்னொரு சோதனையும் உண்டு. காரணம் இருக்கும்போது சட்டம் இருக்கிறதா, அது நீங்கும்போது சட்டமும் நீங்குகிறதா என்று பார்ப்பது. போதை ஏறினால் விலக்கு. அதே சாறு காடியாக மாறிவிட்டால் விலக்கு இல்லை. மாணவர்களுக்கு இதை முப்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சமையலறையில் அது செல்லாது என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

ஆகவே முதலில் வகுத்துக்கொண்டோம். மின்சாரம் இடையில் நின்றிருக்கலாம். ஓட்டத்தின் நடுவே மின்தடை ஏற்பட்டாலும், யாராவது நிறுத்திவிட்டாலும் நீர் உள்ளேயே நிற்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. வழக்கமான பாத்திரச் சோப்பை ஊற்றியிருக்கலாம். நுரை பொங்கினால் பம்பு நீருக்குப் பதில் காற்றை இழுத்துத் திணறும். அதற்கென்று உள்ள தூளைத்தான் போட்டிருந்தார்கள். இன்னொன்று: வடிகட்டியை எடுத்தபின் அடிக்குழியில் தெரியும் சிறிதளவு நீர் பழுதன்று. ரப்பர் வளையங்கள் காய்ந்துவிடாமல் இருக்க அது தங்கத்தான் வேண்டும். அதைக் கண்டு பயந்து ஆளனுப்பியவர்களை நான் அறிவேன். எங்கள் வீட்டில் நின்றதோ வடிகட்டிக்கு மேலே.

மின்சாரத்தை அறவே துண்டித்துவிட்டு, நீரைக் குவளையால் மொண்டு எடுத்தோம். வடிகட்டியை இடப்புறம் திருகினால் கழன்று வந்துவிடும். உள்ளே இருந்தவை: ஒரு கரண்டி அளவு சோறு, இரண்டு கிராம்பு, ஓர் ஏலக்காய்த் தோல், எலுமிச்சை விதை ஒன்று. நம்மவர் சமையலுக்கே உரிய சாமான்கள். வெள்ளைக்காரர் வீட்டு இயந்திரத்துக்குக் கிராம்பைத் தெரியாது. அது வடிகட்டியைத் தப்பிச் சென்று பம்பின் சுழல் இறக்கையில் ஆப்புப்போல் செருகிக்கொண்டால் பம்பு உறுமும், சுழலாது. பிரியாணித் தட்டிலிருந்து வரும் எலும்புச் சில்லும் பேரீச்சங்கொட்டையும் அப்படியே. எங்கள் வடிகட்டியில் இருந்ததோ அன்றாட அளவுதான்; சல்லடைக் கண்கள் அடைபடவில்லை. மென்மையான தூரிகையால் கழுவிப் பொருத்தினோம். அதன் கீழுள்ள பம்பு மூடியையும் எடுத்து, இறக்கையை மரக்கரண்டியின் காம்பால் தள்ளிப் பார்த்தான் மகன். (விரலை நுழைக்கக் கூடாது, உடைந்த கண்ணாடித் துண்டுகள் அங்கேதான் போய்த் தங்கும்.) தடையின்றிச் சுழன்றது. மறுபடி ஓடவிட்டோம். காலையில் மீண்டும் நீர். பருக்கைதான் காரணம் என்ற தீர்ப்பு அத்துடன் நீங்கியது.

அடுத்தது பம்பு. இதைச் சோதிக்க ஒரு வாளி போதும். சிங்குக்குக் கீழே கழிவுக் குழாயுடன் இணைந்திருக்கும் ஹோஸைக் கழற்றி, அதன் முனையைச் சமையல் மேடையின் உயரத்தில் பிடித்து வாளிக்குள் விட்டு, ஓட்டத்தை ரத்துச் செய்யும் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் உடனே நீரை வெளியேற்ற முயலும். உறுமல்கூடக் கேட்கவில்லையென்றால் மின் இணைப்பிலோ மோட்டாரிலோ பழுது. உறுமல் கேட்டும் நீர் வரவில்லையென்றால் இறக்கையிலோ ஹோஸிலோ அடைப்பு. எங்கள் வாளியிலோ நீர் பீறிட்டு விழுந்து மகனின் சட்டையை நனைத்தது. பம்பு நன்றாகவே இருந்தது. ஐயாயிரத்துக்குச் சொல்லப்பட்ட காரணமும் இப்படி நீங்கியது.

அப்படியானால் குறை இயந்திரத்துக்கு வெளியே இருந்தது. அப்போதுதான் தாயார் சொன்ன மஞ்சள் வளையம் என் நினைவுக்கு வந்தது. இயந்திரம் ஓடுவது எல்லாரும் உறங்கியபின். அன்றிரவு நான் விழித்திருந்து பார்த்தேன். ஓட்டத்தின் முதற்கட்டம் முடிந்து நீர் வெளியேறும் ஒலி எழுந்தது. சிங்கின் வாயிலிருந்து கறிநீர் குபுகுபுவென்று மேலே ஏறி நிறைந்தது. பம்பு நின்றதும் அந்நீரில் ஒரு பகுதி குழாய்வழியே மெல்ல இறங்கிற்று. மீதி, வந்த வழியே ஹோஸுக்குள் இறங்கி மீண்டும் இயந்திரத்தின் அடித்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சிங்கில் எஞ்சியது ஒரு வளையம். அவள் துடைக்காமல் விட்ட கறையன்று அது. அவள் துடைத்துவிட்டுப் போன சிங்கில் நள்ளிரவில் ஏறி இறங்கிய நீரின் அடையாளம். அதிகாலைப் பணி முடிந்து அவள் வந்ததும் இதைச் சொன்னேன். “தெரியும் மாமா, நான் துடைச்சிட்டுத்தான் போவேன்” என்றாள். அவ்வளவுதான்.

நீர் திரும்பிப் போனதற்கு ஒரு காரணம் எளிது. ஹோஸ் இயந்திரத்தை விட்டுக் கிளம்பியதும் மேடையின் அடிப்பாகம் வரை உயர்ந்து, அங்கே கட்டப்பட்டு, பிறகே இறங்கிக் கழிவுக் குழாயில் சேர வேண்டும். எங்கள் வீட்டில் அதைப் பொருத்தியவர் தரையோடு போட்டு இணைத்துவிட்டார். அதை உயர்த்திக் கட்டினோம். நீர் இயந்திரத்துக்குத் திரும்புவது நின்றது. ஆனால் சிங்க் நிறைவது நிற்கவில்லை. ஆக, காரணங்கள் இரண்டு. ஒன்று இன்னும் வெளியே கிடந்தது.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. சமையலறை நீரும் குளியலறை நீரும் கொல்லைப்புறத்துச் சேம்பரில் கூடி உறிஞ்சு குழிக்குப் போகின்றன. செப்டிக் டேங்கின் மிகைநீரும் அதே குழிக்குத்தான். மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. விளிம்பிலேயே நீர் கசிந்து நின்றது. ஏரி நிரம்பி, நிலம் முழுவதும் நீரைக் குடித்துவிட்டிருந்தது. குழி எதை உறிஞ்சும்? மூழ்கிக் கிடந்த குழாய் வாயில் நெய்யும் டால்டாவும் உறைந்து பாதியை அடைத்திருந்தன. கையால் கழுவும்போது நீர் நூல்போல் போகிறது. அந்தக் குறுகல் அதற்குத் தாராளம். இயந்திரமோ மூன்று நான்கு லிட்டரை ஒரே மூச்சில் தள்ளுகிறது. அதனால்தான் பல மாதக் குறை அதில் முதலில் தெரிந்தது.

ஏரியைக் கட்டிய முன்னோர் மதகை மட்டும் வைக்கவில்லை. மிகைநீர் போகக் கலங்கலும் வைத்தார்கள். மணிமங்கலம் ஏரியின் மிகைநீர் அடையாற்றைச் சேர்கிறது. அவ்வழியெங்கும் மனைகள் ஏறிய பின்னர், 2015 டிசம்பரில் வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியதைப் பார்த்தோம். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் தங்கியிருந்த தொழிற்சாலைப் பெண்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அந்த விடுதிச் சமையற்கட்டில் எலிகளும், கழிவுநீர் சரிவர வடியாத நிலையும் காணப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிய அந்த அம்மையாரை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் இருந்தது வேறு விடுதி.

இனித் தாயாரின் மஸ்அலா. நின்ற நீர் நம்முடைய சமையல் நீரா, குழியிலிருந்து ஏறி வந்ததா என்பதைப் பொறுத்தே பதில் அமையும். சோறு, பருப்பு, நெய், மஞ்சள் கலந்த நீர் அழுக்கு, நஜீஸ் அன்று. அதில் கிடந்த தட்டை நல்ல நீரில் அலசிவிட்டால் போதும். குழிநீர் வந்திருந்தால் அது நஜீஸ்தான். அப்போது ஷாஃபி வழியினர் அதன் பொருளும் நிறமும் மணமும் சுவையும் போகக் கழுவ வேண்டும். ஹனஃபி வழியினர் கண்ணுக்குத் தெரியாத நஜீஸை மூன்று முறை கழுவுவர். தேங்கி நிற்கும் நீர் நஜீஸ் பட்டதும் கெட்டுவிடாதிருக்க ஷாஃபி மத்ஹபில் இரண்டு குல்லா, ஏறத்தாழ 200 லிட்டர், வேண்டும். இயந்திரத்தின் அடியில் நிற்பது அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே சந்தேகத்தை அப்படியே விட்டுவிட முடியாது.

மகன் ஒரு மட்டக்குழாயை எடுத்து வந்தான். கொத்தனார்கள் நீர் ஊற்றிப் பிடிக்கும் அந்தக் கண்ணாடிபோன்ற குழாய்தான். சேம்பர் மூடி எங்கள் சமையலறைத் தரையைவிட இரண்டடி தாழ்வு. சிங்கின் வாயோ தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். குழிநீர் சிங்கை எட்ட வேண்டுமானால், அதற்கு முன்னரே மூடியைத் தள்ளிக்கொண்டு கொல்லை முழுவதும் பரவியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. சிங்கில் ஏறியதும் இயந்திரத்துக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டுக் கறிநீர் மட்டுமே. தட்டுகள் சுத்தம் என்று தாயாரிடம் சொன்னேன். மட்டக்குழாயைத் தாமே பிடித்துப் பார்த்த பிறகுதான் அவர் இலையைக் கைவிட்டார்.

‘தவரான்’ சோதனை தானாகவே நடந்தது. மழை விட்டுப் பத்து நாளில் குழி தாழ்ந்தது, சிங்க் நிறையவில்லை. 2024 ஜனவரி முதல் வாரத்தின் கடைசியில் மறுபடி பெருமழை, மறுபடி நிறைந்தது. ஈரமண்ணில் குழி தோண்ட ஆள் வரவில்லை. மாசியில் நிலம் காய்ந்த பின்னரே, சமையலறை நீருக்கென்று தனிக் குழி எடுத்து, வழியில் நெய் தங்கிவிட ஒரு சிறு தொட்டியும் கட்டினோம். செலவு பம்பின் விலையை மிஞ்சிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

கி.பி. 1206இல் அல்ஜஸரி தமது இயந்திர நூலை முடித்தார். கை கழுவுவதற்காக அவர் வரைந்த மயில் தொட்டியில், கழுவி விழுந்த நீர் அடியில் சேரச் சேர ஒரு மிதவை உயர்கிறது. கதவு திறந்து ஒரு பணியாள் பொம்மை சோப்பை நீட்டுகிறது. மேலும் நீர் சேர்ந்தால் மற்றொரு பொம்மை துண்டை நீட்டுகிறது. கழிந்த நீரைக் கண்ணுக்கு மறைவாகத் தள்ளிவிடாமல், அதையே வேலை வாங்கிய அந்த அறிஞரை வகுப்பில் இப்போது அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன். இன்றைய டிஷ்வாஷரின் அடியிலும் கசிவைக் கண்டு நிறுத்த ஒரு மிதவை இருக்கிறது என்று மகன் காட்டினான்.

மருமகளிடம் தாயார் அந்த விஷயத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவள் இரவுப் பணிக்குப் போகும் நாட்களில், சிங்க் துடைக்கும் துணியை அலசிக் கொடியில் போடுவது அவருடைய வேலையாகிவிட்டது. மழை வலுத்தால், கொல்லைக்குப் போய்ச் சேம்பர் மூடியைப் பார்த்து வரும்படி பேரனை அனுப்புகிறார்.